பன்னீர் திராட்சை: ஒரே கொத்துல கறுப்பும் பச்சையும், எத்ரல் அடிக்கலாமா?

பந்தல்காரன், கம்பம் பக்கம்:
கவாத்து பண்ணி (கொடியை வெட்டி விட்டு) 88 நாள் ஆச்சு. கொத்துக்குப் பத்துக் காய்ல ரெண்டு மூணு சிவக்குது, மிச்சம் பச்சை. போன வாரம் மழைக்கு அப்புறம் சில காய் வெடிச்சிருக்கு. தண்ணியை இப்பவே நிறுத்திடலாமா? சீராப் பழுக்க வைக்க அடிக்கிற எத்ரல் மருந்து எவ்வளவு?

கவாத்துக் கத்தரி:
நிறம் ஏறத் தொடங்குற இந்த நேரம்தான் எத்ரலுக்குச் சரி. 250 பிபிஎம், அதாவது லிட்டர் தண்ணிக்கு 250 மில்லிகிராம் மருந்துச் சத்து. 39 சதவீத மருந்துன்னா பத்து லிட்டர் டேங்குக்கு ஆறரை மில்லி. கொத்துல மட்டும் படணும், இலையில பட்டா மஞ்சளாகி உதிரும். போர் தண்ணி உப்பா, காரத்தன்மையா இருந்தா டேங்குக்குள்ளேயே மருந்து வீணாப் போயிடும். கலந்ததும் அடிச்சு முடிச்சிருங்க. முக்கால்வாசி கறுத்த பிறகு அடிச்சா பழம் தொளதொளன்னு கொட்டும். அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளின்னு லேபிள்ல பாத்துக்கங்க.

ஆனா ஒரே கொத்துல சீரில்லாமப் பழுக்குற இந்தக் குணம் பன்னீருக்குப் பிறவியிலேயே உண்டு. காய் பிடிச்ச 20-ம் நாள், 40-ம் நாள் பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 2 கிராம் அடிச்சிருந்தா பாதி தொல்லை குறைஞ்சிருக்கும். அதை அடுத்த கவாத்துக்குக் குறிச்சு வைங்க. கொடியில கொத்து அதிகம்னா எத்ரலும் உதவாது, சின்னக் கொத்தை வெட்டி விடுங்க.

சொட்டுநீர்:
அண்ணே, தண்ணியை ஒரேயடியா நிறுத்தாதீங்க. வெடிக்கிறதுக்குக் காரணமே காய்ச்சலும் பாய்ச்சலும்தான். காஞ்ச வேரு திடீர்னு தண்ணி குடிச்சா காய் ஊதும், தோல் அந்த அளவுக்கு விரியாது. இப்பப் பாதியாக் குறைங்க, கடைசி ஒரு வாரம் இன்னும் குறைங்க. மணல் மண்ணுன்னா கடைசி மூணு நாலு நாள் நிறுத்தினாப் போதும். யூரியா பக்கமே போகாதீங்க.

வெடிச்ச காயைக் கத்தரியால காம்போட எடுத்துத் தோட்டத்துக்கு வெளிய புதைக்கணும். விட்டா சாறு வடிஞ்சு ஈ மொய்க்கும், புளிச்ச வாடை வரும், பக்கத்துக் காயும் அழுகும்.

கவாத்துக் கத்தரி:
விட்டுப்போச்சு: கொத்தை மூடுற பழைய இலையை மட்டும் கிள்ளுங்க, மொட்டையடிச்சா வெயில்ல காய் சுருங்கும். நனையும் கந்தகம் (தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) இனி வேண்டாம், பழத்துல வெள்ளைத் திட்டு நின்னா வியாபாரி விலையைக் குறைப்பார்.

இனிப்பு பார்க்கும்போது கொத்தோட அடி நுனிக் காயைப் பிழிஞ்சு பிரிக்ஸ் மீட்டர்ல (சாறோட இனிப்பை அளக்குற கருவி) வைங்க. அதுதான் கடைசியாப் பழுக்கும். அங்க 18 வந்தா வெட்டலாம். பறிச்ச பிறகு திராட்சை பழுக்காது. காலை வெயிலுக்கு முன்னாடி, காம்பைப் பிடிச்சு வெட்டணும். பழத்தைத் தொட்டா மேல இருக்கிற சாம்பல் பூச்சு போயிடும்.