புதுப்பிப்பு: உணவு வண்டி தொடங்கும் முன் சந்தையை அறிந்த விதம்

சென்னையில் உணவு வண்டி தொடங்க, செலவில்லாமல் சந்தையை ஆராய்வது எப்படி என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "அரசுத் தரவுகளைப் பாருங்கள்" என்ற யோசனைதான். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரக் குடும்பங்களின் செலவில் சுமார் 11 சதவீதம் பானம், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவுக்குப் போகிறது. தேவை இருக்கிறது என்ற தெம்பு வந்தது.

அடுத்து 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் படித்தேன். விற்பனைக்குத் தடையுள்ள மண்டலங்களும் உண்டு என்று அறிந்ததும், நான் ஆசைப்பட்ட தெருமுனையை உடனே கைவிட்டேன்.

எதிர்பாராதது வண்டியில்தான். பழைய வேனில் அடுப்பு மேடைக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டத் தயாராக இருந்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பார்த்துப் பதறி நிறுத்தினேன். வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது; முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.