கமக்காரர் அமைப்பு வேட்பாளருக்கு ஆதரவு அறிவிக்கிறது: எப்பிடிச் செய்யலாம், எங்க பிழைக்கும்?

செம்பாட்டான்:
யாழ்ப்பாணத்தில வலிகாமம் கிழக்குப் பக்கம் நாலைஞ்சு கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து, அடுத்த தேர்தலில குடும்பத் தோட்டக்காரருக்காக நிக்கிற வேட்பாளர் ஆர் எண்டு பேர் வெளியிடுவமோ எண்டு கதைக்கினம். குடும்பத் தோட்டம் எண்டு நான் சொல்லுறது ரண்டு பரப்பில இருந்து பத்துப் பதினைஞ்சு பரப்பு வரைக்கும் வச்சு, வீட்டுக்காரரே இறைச்சு, களை பிடுங்கி, சந்தைக்குக் கொண்டு போறதை. (16 பரப்பு ஒரு ஏக்கர், வெளி மாவட்ட ஆக்களுக்காகச் சொல்லுறன்.) அமெரிக்காவில விவசாயச் சங்கங்கள் தேர்தலுக்கு முன்னம் பட்டியல் போடுமாம், அதைப் பாத்துத்தான் இந்த யோசனை.

பதிவு செய்த அமைப்பு இப்பிடிச் செய்யலாமோ? கட்சி பாராம ஆளைப் பாத்து மூண்டு பேரைச் சொன்னாச் சரிவருமோ? அவையிட்ட என்னத்தைக் கேக்கிறது? "விவசாயத்தை ஆதரிப்பியளோ" எண்டு கேட்டா "ஓம்" எண்டு சொல்லாத வேட்பாளர் இன்னும் பிறக்கேல்லை.

கிணத்தடி:
ரண்டாவது கேள்விக்கு முதல் வாறன், பிழைக்கிறது அதிலதான்.

நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில ஒரு கட்சிக்கு அல்லது ஒரு சுயேச்சைக் குழுவுக்குத்தான் புள்ளடி. அதுக்குப் பிறகு அதே பட்டியலில உள்ள மூண்டு பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. 2024 இல யாழ் மாவட்டத்துக்கு 6 ஆசனம், அதால ஒவ்வொரு பட்டியலிலயும் 9 பேர். சீட்டில பேர் இல்லை, இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கக் கட்டமும் எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. இப்ப நீங்கள் மூண்டு கட்சியில மூண்டு பேரைச் சொன்னால் என்ன நடக்கும்? ரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டவரின்ர சீட்டு நிராகரிக்கப்படும். ஒரு கட்சிக்குப் போட்டிட்டு, மற்றக் கட்சிக்காரரை நினைச்சு 4 ஆம் இலக்கத்தில கீறினவரின்ர விருப்பு வாக்கு, தான் புள்ளடி போட்ட கட்சியின்ர 4 ஆம் ஆளுக்குப் போயிடும். அவர் சந்தைப் பக்கமே தலைகாட்டாத ஆளாயும் இருக்கலாம்!

கன கட்சியில ஆள் சொல்லுறதெண்டால் துண்டுப்பிரசுரத்தைக் கட்சி கட்சியாப் பிரிச்சு அடியுங்கோ. "இந்தச் சின்னத்துக்குப் போடுறவர் எண்டால் இந்த இலக்கங்களைப் பாருங்கோ" எண்டு. எல்லாப் பேரையும் ஒரே வரிசையில போடாதேங்கோ.

பிரதேச சபை வேற கதை. அங்க விருப்பு வாக்கே கிடையாது. ஆசனத்தில 60 வீதம் வட்டாரத்தில வெண்டவருக்கு, 40 வீதம் கட்சி எடுத்த வாக்கின்ர விகிதாசாரத்துக்கு, சீட்டில கட்சியும் சின்னமும்தான். உங்கட வட்டாரத்தில நல்ல ஆள் எண்டு நம்பிப் போட்ட வாக்கு, அவர் தோத்தாலும் கட்சிக் கணக்கில சேர்ந்து, கட்சிச் செயலாளர் பேர் குடுக்கிற ஆளை உள்ளுக்குக் கொண்டு போகும். ஆகவே உள்ளூராட்சித் தேர்தலில ஆளுக்கு ஆதரவு எண்டு ஒண்டில்லை, கட்சிக்கு ஆதரவுதான். அதைச் சனத்துக்கு ஒளிக்காமச் சொல்ல வேணும்.

மாகாண சபைக்கு இப்ப ஒண்டும் அடிக்காதேங்கோ. வடக்கில கடைசியா நடந்தது 2013 செப்டெம்பரில, பதவிக்காலம் 2018 ஒக்டோபரோட முடிஞ்சுது. 2017 திருத்தம் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டு வந்தது, ஆனா அதுக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில தோத்துப் போச்சுது. எந்த முறையில நடக்கும் எண்டு சட்டம் தெளிவாகிற வரைக்கும் வாக்காளருக்கு வழிகாட்டி எழுதிறது வீண் வேலை.

கச்சேரியடி:
அமெரிக்க உதாரணத்தை அப்பிடியே தூக்கி வரேலாது. மிச்சிகன் மாநில விவசாயச் சங்கத்தை எடுங்கோ. ஆதரவு அறிவிக்கிறது சங்கத்தின்ர பொதுக் காசில இல்லை, அக்ரிபாக் எண்ட தனி அரசியல் நிதி அமைப்பு மூலமா. மாவட்டக் குழுக்கள் வேட்பாளரை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும், ஏற்கெனவே பதவியில இருக்கிறவர் எப்பிடி வாக்களிச்சவர் எண்டதும் பாக்கப்படும். அங்க ஒரு தொகுதிக்கு ஒரு ஆள், அதால கட்சி மாறி மாறி ஆள் சொன்னாலும் வாக்குப் பழுதாகாது.

இஞ்ச உங்கட அமைப்பு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ கமநல சேவை நிலையத்தில பதிஞ்சது. முதல் உங்கட யாப்பை எடுத்து வாசியுங்கோ. அரசியல் சார்பில்லை எண்ட வசனம் இருந்தால் அமைப்பின்ர பேர், கடிதத் தலைப்பு, முத்திரை, வங்கிக் கணக்கு ஒண்டும் இதுக்குள்ள வரக்கூடாது. பசளை மானியப் பட்டியல் போற அதே செயலாளரின்ர கையெழுத்து ஆதரவு அறிக்கையிலயும் இருந்தால், மற்றக் கட்சிக்கு வாக்குப் போடுற தோட்டக்காரன் தன்ர பசளைக்கு என்ன நடக்குமோ எண்டு யோசிப்பான். அந்தப் பயம் வந்தால் அமைப்பு உடைஞ்சுது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

அதால தேர்தலுக்கெண்டு தனிய ஒரு குழு அமைச்சு, அதின்ர பேரில வெளியிடுங்கோ. அரச உத்தியோகத்தில இருக்கிற உறுப்பினர் அதில கையெழுத்து வைக்க வேண்டாம். அச்சடிக்கிற தாளில அச்சகத்தின்ர பேர் முகவரியும் வெளியிடுறவரின்ர பேர் முகவரியும் கட்டாயம், இல்லாட்டிக் குற்றம். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள்ள வேட்பாளர் கணக்குக் காட்ட வேணும். எனவே வேட்பாளரிட்டக் காசு வாங்கவும் வேண்டாம், அவருக்காகச் செலவழிக்கவும் வேண்டாம். கூட்டத்துக்குத் தேத்தண்ணி, வடை கூட வேட்பாளர் குடுக்கக்கூடாது. சின்ன விசயம் மாதிரித்தான் இருக்கும், சட்டத்தில அதுக்கும் பேர் இருக்கு.

செம்பாட்டான்:
யாப்பில அந்த வசனம் இருக்கு, இப்பதான் பாத்தது. அப்ப தனிக் குழுதான். கேள்விகளைப் பற்றி ஆரும் சொல்லேல்லையே?

துலாமிதி:
கேள்வியை ஆளின்ர அதிகாரத்துக்குள்ள வையுங்கோ. பிரதேச சபைக்கு நிக்கிறவரிட்ட இறக்குமதி வரியைக் கேட்டால் அவர் சந்தோசமா வாக்குறுதி தருவார். ஏனெண்டால் அதைச் செய்யச் சொல்லி அவரை ஒருத்தரும் பிடிக்கேலாது.

பிரதேச சபைக்கு ஒரே கேள்வி போதும்: சந்தையில நிறையில வெட்டுற 10 வீதக் கழிவு. 100 கிலோ வெங்காயம் கொண்டு போனால் 90 கிலோவுக்குத்தான் காசு. கிலோ 200 ரூபா எண்டு வச்சால் ஒரு தரத்தில 2000 ரூபா போச்சு. பழுதே இல்லாத காய்க்கும் அதே வெட்டு. "கழிவை நிப்பாட்டுவியளோ" எண்டு கேக்காதேங்கோ. இப்பிடிக் கேளுங்கோ: அடுத்த வருசச் சந்தைக் குத்தகை ஒப்பந்தத்தில, கழிவு எடுத்தால் குத்தகை ரத்து எண்ட நிபந்தனையைப் போட வாக்களிப்பியளோ? அதைத் துணைவிதியாக்கி வர்த்தமானியில வரச் செய்யத் தீர்மானம் கொண்டு வருவியளோ, எந்த மாசத்துக்குள்ள? வெறும் தீர்மானத்தோட விட்டால் மறுநாள் தராசடியில ஒருத்தரும் கணக்கெடுக்கமாட்டினம்.

நாடாளுமன்றத்துக்கு உருளைக்கிழங்கு. அதின்ர இறக்குமதி வரி 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ நிதி அமைச்சரின்ர வர்த்தமானியால மாறுது. யாழ்ப்பாணக் கிழங்கு கிண்டுற மாசி, பங்குனியில வரி குறைஞ்சால் எங்கட விலை விழும். எதிர்க்கட்சிக்காரரால வரி போடேலாது, ஆனா சபையில கேள்வி கேக்கலாம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில எழுத்தில பதிய வைக்கலாம். அதைத் திகதியோட கேளுங்கோ. காணிக்காரர் உள்ள இடமெண்டால் வடக்கில உரிமை கோராத காணியை அரச காணியாக்கலாம் எண்டு வந்த 2025 மார்ச் 28 வர்த்தமானி மாதிரி ஒண்டு திரும்ப வந்தால் என்ன செய்வார் எண்டும் கேக்கலாம். அது எதிர்ப்பால மீளப் பெறப்பட்டது எண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஏற்கெனவே பதவியில இருந்தவரெண்டால் வாயைப் பாக்காமக் கடதாசியைப் பாருங்கோ. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில, அவரின்ர ஒதுக்கீட்டில எத்தினை ரூபா தோட்ட வீதிக்கும் கிணத்துக்கும் போனது எண்டு பிரதேச செயலகத்தில கேக்கலாம். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும், தகவல் கைக்கு வர இன்னும் நாள் எடுக்கும். அதால தேர்தல் அறிவிக்க முதலே விண்ணப்பத்தைப் போடுங்கோ.

என்ர எண்ணம், முதல் தரம் ஆதரவு எண்டு ஒண்டும் அறிவிக்க வேண்டாம். ஒரே கேள்வித்தாளை எல்லாருக்கும் ஒரே நாளில பதிவுத் தபாலில அனுப்பி, 10 நாள் தவணை குடுத்து, வந்த பதிலைக் கையெழுத்தோட அப்பிடியே வெளியிடுங்கோ. பதில் தராதவரின்ர பேருக்கு நேரை வெறும் கட்டம்.

கிணத்தடி:
வெறும் கட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பேர் சொல்லாட்டி ஒரு கட்சியும் பயப்படாது, அதையும் யோசியுங்கோ. கேள்வித்தாளில பட்டியல் இலக்கத்துக்கு இடம் விடாதேங்கோ. இலக்கம் வேட்புமனு ஏற்ற பிறகுதான் தெரியும், அதை வெளியிடுற தாளில போடலாம்.