ஸ்லைடர் முழு எண்ணில் மட்டும் நகர என்ன செய்யலாம்?

நிலாவெளியான்:
மாமா நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் கொப்பியில் கணக்கு எழுதுவது அவருக்குக் கஷ்டம். அதனால் பைதனில், திரை செய்ய உதவும் டிகின்டர் நூலகத்தை வைத்து ஒரு சின்னத் திரை செய்து கொடுத்தேன். ஸ்லைடரை 1 முதல் 8 வரை இழுத்தால் ஆட்களின் தொகை மாறும், எத்தனை லைஃப் ஜாக்கெட், எவ்வளவு காசு என்று கீழே வரும். ஆனால் 3.7142 ஆட்கள் என்று காட்டுகிறது. நேற்று ஒரு குடும்பம் கரையில் காத்து நிற்கும்போது காசு சதக் கணக்கில் வந்து, மாமா திரும்பவும் கொப்பியை எடுத்துவிட்டார். எனக்கு மனசே சரியில்லை. எவ்வளவு படியாக நகர வேண்டும் என்று சொல்லும் ரெசொலூஷனை 1 என்று கொடுத்தால் அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை என்று எரர் வருகிறது.

உவர்மலை அக்கா:
தம்பி, நீங்கள் எடுத்திருப்பது டிடிகே ஸ்கேல், அதாவது டிகின்டரின் புதிய தோற்றத் தொகுப்பில் உள்ள ஸ்லைடர். அதற்கு ரெசொலூஷன் கிடையாது. டிகின்டரின் பழைய ஸ்கேலில் இருக்கிறது, நாம் எதுவும் கொடுக்காவிட்டாலும் 1 தான். அதைப் போட்டுப் பாருங்கள்.

நிலாவெளியான்:
நன்றி அக்கா, வேலை செய்கிறது. ஆனால் மற்றப் பொத்தான்களோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது. டிடிகேயிலேயே வழி இல்லையா? ஸ்லைடர் நகரும்போது ஓடும் கமாண்டுக்குள், முழு எண்ணாக்கும் இன்ட் போட்டேன், வேல்யூ எரர்.

கொட்டியாரக்குடா:
கமாண்டுக்கு வருவது எண் இல்லை தம்பி, எழுத்துச்சரம். "3.7" என்ற சரத்தை இன்ட் நேரே வாங்காது. முதலில் தசம எண்ணாக்கும் ஃப்ளோட், அப்புறம் கிட்டிய முழு எண்ணாக்கும் ரவுண்ட். ஃப்ளோட்டுக்குப் பிறகு இன்ட் போட்டாலும் எரர் வராது, ஆனால் அது வெட்டிவிடும்: 7.9 வரை இழுத்தும் 7 தான் நிற்கும், எட்டாவது ஆளுக்காகக் குமிழைக் கடைசி நுனி வரை தள்ள வேண்டும்.

இன்னொன்று, வந்த எண்ணை ஸ்லைடரின் மதிப்பை மாற்றும் செட்டுக்குக் கொடுக்காதீர்கள். செட் திரும்பக் கமாண்டைக் கூப்பிடும், கமாண்ட் திரும்பச் செட்டை, நிற்கவே நிற்காது. நான் ஒரு முழு இரவு இதில் மாட்டியிருக்கிறேன். முழு எண்ணை வைத்திருக்கும் இன்ட்வார் ஒன்று செய்து அதை ஸ்லைடரின் வேரியபிளாகக் கொடுங்கள். கமாண்டுக்குள் ரவுண்ட் செய்த எண்ணை அந்த இன்ட்வாரில் போடுங்கள். குமிழ் எண்ணுக்கு எண் தாவும். காசையும் அதே எண்ணில் பெருக்குங்கள்.

உவர்மலை அக்கா:
எட்டுப் பேர்தானே, அம்புக்குறியைத் தொட்டு எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பின்பாக்ஸ் போதாதா?

நிலாவெளியான்:
மாமாவின் கை எப்போதும் ஈரம் அக்கா. அந்தச் சின்ன அம்புக்குறியை அவரால் சரியாகத் தொட முடியாது, குமிழை இழுப்பதுதான் சுகம். அண்ணா சொன்னபடி மாற்றிவிட்டேன், 3க்கு அடுத்து 4 என்று தாவுகிறது. நாளைக் காலை முதல் படகுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.