மறு: ‘ரீஜண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘அரசப் பிரதிநிதி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

அதை வைஸ்ராய்க்கு எப்போதோ கொடுத்துவிட்டோமே. வைஸ்ராய் கடல் கடந்த மன்னரின் ஆள். ரீஜண்ட் அப்படியல்ல; அரியணையில் இருப்பவர் சிறுவர் என்பதாலோ வேறு காரணத்தாலோ தானே ஆளாதபோது அவர் இடத்தில் ஆள்பவர்.

எனக்குச் சிக்கல் வந்தது சுவாசிலாந்து (தென்னாப்பிரிக்காவை ஒட்டிய இன்றைய எஸ்வாட்டினி) மன்னர் இரண்டாம் சோபுசா பற்றிய கட்டுரையில். 1899 ஜூலையில் பிறந்தவர். டிசம்பரில் தந்தை இறக்க, ஐந்து மாதம்கூட நிறையாத பிள்ளைக்குப் பட்டம். 1921 வரை ஆட்சியை நடத்தியவர் பாட்டி லபோட்சிபேனி. 1907இல் பிரிட்டிஷார் நாட்டைக் கூறுபோட்டு மூன்றில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் சுவாசிகளுக்கு ஒதுக்கியபோது எதிர்த்து நின்றவர் அவர்தான். சுரங்க வேலைக்குப் போய்ச் சம்பாதித்து நிலத்தைத் திரும்ப வாங்குங்கள் என்று ஆண்களை அனுப்பினார்; பேரனைத் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார். இவரைப் பிரதிநிதி என்றால் யாருக்குப் பிரதிநிதி, தொட்டில் குழந்தைக்கா?

இந்த மடலாடலில் முன்பு ஓர் அக்கா சொன்ன ‘அரசன்னை’ அழகான சொல். ஆனால் சுவாசி மரபில் அது தனிப் பதவி: மன்னர் சிங்கம் என்றால் அவர் தாய் ‘இந்த்லோவுகாசி’, பெண்யானை. மன்னர் வளர்ந்த பிறகும் உடனிருந்து ஆள்பவர். 1982 ஆகஸ்டில் சோபுசா மறைந்ததும் ரீஜண்ட் ஆன ட்செலிவே, பட்டத்துக்குரிய பையனைப் பெற்றவர் அல்ல. மறு ஆண்டே அவரை நீக்கிவிட்டுப் பெற்ற தாய் ந்டோம்பியை அமர்த்தினார்கள்.

இங்கே வந்த இன்னொரு பரிந்துரையான ‘இளவரசுக் காப்பாளர்’ எத்தியோப்பியாவில் இடறும். 1916இல் தஃபாரி (பின்னாளில் ஹைலி செலாசி) ரீஜண்ட் ஆனபோது அரியணையில் இருந்த பேரரசி சௌதித்துவுக்கு வயது நாற்பது. ‘காப்பாட்சியர்’ ஏற்கெனவே அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறார்.

என் பரிந்துரை: பதிலரசர், பதிலரசி, பதிலாட்சி. இலங்கையில் ‘பதில் அமைச்சர்’ அன்றாடச் செய்திச் சொல். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “பாட்டியின் பதிலாட்சி 1921இல் முடிந்தது, மறு ஆண்டே சோபுசா நிலம் கேட்டு லண்டன் போனார், 1926இல் பிரிவி கவுன்சில் என்ற பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் வழக்குத் தோற்றது.”

---

> தமிழ்நாட்டுக் காதுக்குப் ‘பதில்’ என்றால் விடைதான். இங்கே ‘பொறுப்பு ஆளுநர்’ என்கிறோம். ‘பொறுப்பரசி’, ‘பொறுப்பாட்சி’ போதாதா?

‘பொறுப்பரசி’க்கு மட்டுமென்றால் சம்மதிப்பேன். ‘பொறுப்பாட்சி’யை பிரிட்டிஷ் இந்தியாவின் 1919 மாண்டேகு–செம்ஸ்போர்டு அரசியல் சீர்திருத்தம் பற்றி எழுதுபவர்கள், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அரசு என்ற பொருளில் பிடித்துக்கொண்டார்கள். என் கட்டுரைக்கு அந்தப் பொருளும் வேண்டும். 1968இல் சுவாசிலாந்து விடுதலை பெற்றபோது நாடாளுமன்றம் இருந்தது. 1972 தேர்தலில் 24 இடங்களில் மூன்றே மூன்று எதிர்க்கட்சிக்குப் போயின. அதையும் பொறுக்காமல் 1973 ஏப்ரல் 12 அன்று சோபுசா அரசியலமைப்பைத் தூக்கி எறிந்து, கட்சிகளைத் தடைசெய்து, எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். பாட்டி நடத்தியதும் பொறுப்பாட்சி, பேரன் ஒழித்ததும் பொறுப்பாட்சி என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

ஆகவே ‘பதிலாட்சி’யையே இடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘ரீஜண்ட்’ அடைப்புக்குள் வரும்.

இன்னொன்று பாக்கி. சோபுசாவுக்கு ‘82 ஆண்டுகள் ஆட்சி’ என்று எல்லோரும் எழுதுகிறோம். அதில் 21 ஆண்டுக்கு மேல் பாட்டியுடையது. அரியணையில் இருந்த காலத்துக்கும் தானே ஆண்ட காலத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முன்னதற்குப் ‘பட்டக்காலம்’ சரிவருமா?