ஜான் ஆபிரகாம் படங்களை எங்கிருந்து தொடங்குவது? கடற்கரையில் திரையிட யோசனை தேவை

வடகடல்_வாசகன்:
தங்கச்சிமடத்தில் வாசகர் வட்டம் சார்பாக மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் படங்களை இரண்டு மூன்று மாலைகளில் போட்டுக் காட்ட நினைக்கிறோம். பெயர் கேள்விப்பட்டவர்கள் உண்டு, படம் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எதை முதலில் போடலாம்? மலையாளம் தெரியாதவர்களுக்கு என்ன வழி? இடம் திறந்தவெளிதான். 3000 லூமென்ஸ் புரொஜெக்டர் ஒன்று, பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு கையில் இருக்கின்றன.

தொண்டி_திரை:
தேடும்போது படப் பெயரைப் போட்டே தேடுங்கள். ஆள் பெயரைப் போட்டால் அதே பெயருள்ள இந்தி நடிகர்தான் வந்து நிற்பார். 'அம்ம அறியான்' என்பதை மலையாள எழுத்தில் தட்டினால் சரியாகக் கிடைக்கும்.

முழுநீளப் படங்கள் மொத்தமே நான்கு. 'வித்யார்த்திகளே இதிலே இதிலே' (1972), 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977), 'செறியாச்சன்றெ க்ரூரக்ருத்யங்கள்' (1979), 'அம்ம அறியான்' (1986). 1987 மே மாதம் கோழிக்கோட்டில் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வருட வரிசைப்படி போக வேண்டாம். முதல் படத்தில் நமக்கு வேண்டிய ஜான் இன்னும் முழுசாக வரவில்லை. அதைக் கடைசியில், ஆர்வம் மிஞ்சியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

'கழுதை'யில் தொடங்குங்கள். தமிழ்ப் படம், ஒன்றரை மணி நேரம்தான். எழுத்து வெங்கட் சாமிநாதன், ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. பேராசிரியராக நடித்திருப்பவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியும் 1989இல் தூர்தர்ஷன் அறிவித்த ஒளிபரப்பைக் கைவிட்டது. தாயை இழந்த கழுதைக்குட்டியைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார், கேலி தாங்காமல் கிராமத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். வாய் பேசாத உமா அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊர் அடித்துக் கொல்கிறது, பிறகு அதே ஊர் அதைக் கும்பிடுகிறது. முகத்தில் சிரிப்பே காட்டாத கிண்டல் இது. சிரிக்க வேண்டிய இடத்தில் இசை தட்டிக் கொடுக்காது. நடிப்பு மரத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இதை முன்னாலேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் கூட்டம் கலையாது.

இரண்டாவது 'அம்ம அறியான்'. டெல்லிக்குக் கிளம்பிய புருஷன் என்ற பெயருடையவன் வழியில் ஓர் இளைஞனின் பிணத்தைப் பார்க்கிறான். அது தபலா வாசிக்கும் ஹரி என்று தெரிகிறது. வயநாட்டிலிருந்து கொச்சிக்கு, ஹரியின் அம்மாவிடம் சேதி சொல்லப் போகிறான். போகிற ஊரிலெல்லாம் ஆள் சேர்ந்துகொண்டே வரும். கதையைத் துரத்தாமல் அந்தக் கூட்டம் பெருகுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள், படம் பிடிபட்டுவிடும். ஒளிப்பதிவு வேணு. பணம் ஜானும் நண்பர்களும் தொடங்கிய ஒடெஸ்ஸா குழு ஊர் ஊராகத் திரட்டியது. சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் தெருவில் போட்டுக்காட்டி ஜனங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் தெருவில் போடுவது அந்தப் படத்துக்குப் பொருத்தம்தான்.

'செறியாச்சன்' குட்டநாட்டு ஜமீன் கதை. அடூர் பாஸிக்காகவே பார்க்கலாம், ஆனால் நல்ல சப்டைட்டில் கிடைத்தால் மட்டும்.

மண்டபம்_மணி:
திரையைப் பற்றி. 12 அடி அகலத்துக்கு மேல் போகாதீர்கள். இந்தப் படங்களின் சட்டகம் பழைய சதுரவாக்குக் கணக்கு, அதனால் 12க்கு 9 அடி வரும். புரொஜெக்டரில் படவிகிதத்தை 4:3 என்று வைக்கவில்லை என்றால் முகமெல்லாம் அகலமாகிப் பூசணிக்காய் ஆகிவிடும். 'டைனமிக்' மோடு வேண்டாம், கறுப்பு வெள்ளையில் பச்சை அடிக்கும். 'சினிமா' மோடு போதும். பௌர்ணமியை ஒட்டி நாள் குறிக்காதீர்கள், இருட்டுக் காட்சி எல்லாம் வெளுத்துப்போகும்.

காற்றுதான் பெரிய ஆள். 12க்கு 9 துணியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 50 கிலோ இழுப்பு வரும், மூங்கில் சாய்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நினைக்கவே வேண்டாம். வடகடல் (பாக் நீரிணை) பக்கமும் வெள்ளையடித்த சுவர் கிடைத்தால் துணியே தேவையில்லை. துணிதான் என்றால் பின்னால் பழைய வலையை விரித்துக் கட்டி, அதில் துணியை அடிக்கு ஒரு முடிச்சாகப் பிணையுங்கள். இழுப்பை வலை வாங்கிக்கொள்ளும், துணி புடைக்காது. திரையின் விளிம்பு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள்.

லென்ஸில் உப்புப் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. மணல் பறக்கிற இடத்தில் புரொஜெக்டர் மேசை இடுப்பு உயரமாவது இருக்கட்டும். ஃபில்டர் அடைத்தால் சூடேறிப் பாதிப் படத்தில் தானே அணைந்துவிடும்.

கீழக்கரை_ஒலி:
குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடாதீர்கள், வசனம் கீச்சென்று போகும். ஸ்பீக்கர் இரண்டையும் திரையை ஒட்டி, காது உயரத்துக்கு. ஜெனரேட்டர் என்றால் காற்று போகிற திசையில் 50 மீட்டர் தள்ளி. புரொஜெக்டருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ்.

நேரம் முக்கியம். இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதற்கு முன்னாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 'கழுதை'யை இஷா தொழுகை முடிந்து 8.15க்குப் போட்டாலும் பத்துக்குள் முடிந்துவிடும். 'அம்ம அறியான்' 115 நிமிடம். 7க்குத் தொடங்கி, பாங்கு நேரத்தில் 20 நிமிடம் இடைவேளை விட்டால் 9.15. வலைக்குப் போகிற நாளாகப் பார்த்து வைத்தால் காலி நாற்காலிதான் மிஞ்சும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் வேறு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதில் விசைப்படகுக்காரர்களாவது கரையில் இருப்பார்கள்.

பொதுவில் போட உரிமை உள்ளவரிடம் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற திரைப்படச் சங்கம் என்றால் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

வடகடல்_வாசகன்:
நன்றி அண்ணே. 'அம்ம அறியான்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் நாங்களே தட்டி வைத்தோம். ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, அரைமணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகுகிறது. விஎல்சி பிளேயரில் தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் நிற்கவில்லை.

தொண்டி_திரை:
ஜி, ஹெச் விசைகள் மொத்தமாகத்தான் தள்ளும், இது வேகக் கோளாறு. உங்கள் சப்டைட்டில் நொடிக்கு 24 சட்டகக் கணக்கு, படம் 25ஆக இருக்கும். 30 நிமிடத்துக்கு 72 நொடி விலகும், முடிவில் நாலரை நிமிடம். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் சட்டக வேகத்தை 24இலிருந்து 25க்கு மாற்றிச் சேமியுங்கள். கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும், இல்லையேல் எழுத்து கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். வெள்ளை எழுத்து வேண்டாம், வெளுத்த வானத்தில் காணாமல் போகும். மஞ்சள், சுற்றிலும் கறுப்புக் கோடு.