பயந்து பாதியில் மூடிவைத்த புத்தகம் எது?

பேய்க்கதை என்றால் எனக்கு ரொம்ப நாள் இளக்காரம்தான். பி.டி. சாமியின் நாவல்களை எட்டாம் வகுப்பிலேயே வாடகைக்கு எடுத்துப் படித்தவன், கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன பிரதிகளுக்கு நானே முடிவு கட்டிக்கொண்டவன், என்னைப் போய் ஒரு புத்தகம் என்ன செய்துவிடும் என்று திரிந்தேன். ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யைக் கல்லூரி விடுதியில் முதல்முறை படித்தபோதும் அப்படித்தான். செத்த பூனையைப் புதைக்கிறார்கள், அது திரும்பி வருகிறது, நாற்றம் அடிக்கிறது, சரி. இரண்டு நாளில் முடித்து அறை நண்பனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

பதினோரு வருஷம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இப்போது வீடு புறவழிச்சாலையை ஒட்டி, மகனுக்கு இரண்டு வயது, கதவு லேசாகத் திறந்திருந்தால் போதும், குடுகுடுவென்று வாசலுக்கு ஓடிவிடுவான். கதையிலும் வீட்டுக்கு முன்னால் லாரிகள் பறக்கிற சாலை, ஒரு சின்னப் பையன். முதல்முறை படித்ததில் அந்தச் சாலையே மனசில் தங்கவில்லை, பூனைதான் தங்கியிருந்தது. இந்த முறை பூனை பக்கம் கண்ணே போகவில்லை, லாரி என்று வரும்போதெல்லாம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதியில் மூடி, அலமாரியில்கூட வைக்காமல் பரணில் போட்டேன். மனைவி சிரித்தாள்.

கிங்கே மெய்ன் மாநிலத்தில் அப்படி ஒரு சாலையோர வீட்டில் குடியிருந்தவர். மகளின் பூனை அந்தச் சாலையில்தான் அடிபட்டுச் செத்தது, சின்ன மகனும் ஒருநாள் அதை நோக்கி ஓடியிருக்கிறான். எழுதி முடித்தபின் இது வெளியே போக வேண்டாம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார், பதிப்பகத்துக்கு ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால்தான் 1983இல் வெளிவந்தது. எழுதினவருக்கே அப்படி என்றால் நான் பரணில் போட்டதில் என்ன வெட்கம்?

அதே மனுஷனின் 'இட்' மேல் எனக்குக் கோபம் உண்டு. மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடைக்குள் இருந்து கோமாளி பேசுகிற ஆரம்பத்தில் உறைந்துபோய், ஆயிரம் பக்கத்துக்கு மேல் சுமந்துகொண்டு போனால், கடைசியில் பெரிய சிலந்தி! காட்டிவிட்டால் அளவு தெரிந்துவிடுகிறது, அளவு தெரிந்தால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் என்ன இருக்கிறது? பிச்சை கேட்டு வந்தவளை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், ராத்திரியில் ஒரு வாசனை வருகிறது. பேய் பிசாசை நம்பாதவனும் அன்றைக்கு விளக்கை அணைக்க யோசிப்பான்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். படம் பார்த்து பயந்த கதை வேண்டாம், புத்தகம் மட்டும்.

* * *

நான் கப்பல்காரன், செகண்ட் ஆபீஸர். ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை என் வாட்ச், அதாவது கப்பலைப் பார்த்துக்கொள்கிற முறை. முடித்துவிட்டு கேபினுக்கு வந்து தூக்கம் பிடிக்க 'டிராகுலா' படித்தேன், 1897 புத்தகம், பழசுதானே, என்ன செய்யும் என்று. கோட்டை, பல், ரத்தம் எல்லாம் சுகமாகத்தான் போனது. அப்புறம் 'டிமீட்டர்' கப்பலின் லாக், அதாவது கேப்டன் எழுதுகிற அன்றாடக் குறிப்பு, வந்தது. வார்னாவிலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்குப் போகிறது, கேப்டனோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். வாட்ச் முடித்துப் போனவனைக் காணோம். சில நாள் தள்ளி இன்னொருவனைக் காணோம். கடைசியில் கேப்டன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறார், கப்பல் தானாகக் கரைக்கு வருகிறது. கப்பலில் ஏதோ இருக்கிறது என்று பயப்படுகிறார்கள், அது டிராகுலா என்று அந்த ஆட்களுக்குத் தெரியாது.

கரையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு அத்தியாயம். தினமும் லாக் எழுதுகிறவனுக்கு வேறு மாதிரி. காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, ஆள் ஒன்று குறைகிறது, எல்லாம் ஒரே குரலில். மறுநாள் என்னை ரிலீவ் செய்ய வர வேண்டியவர் ஏழு நிமிஷம் தாமதம். அந்த ஏழு நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆள் கழிவறையில் இருந்திருக்கிறார்.

* * *

பேய் எனக்கு ஆகாது, ஆனால் இந்தக் காலத்து நகரத்துக்குள் மாயம் நடக்கிற நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பென் ஆரோனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) தொடக்கத்தில் கொலை நடந்த இடத்துக்குக் காவல் நிற்கிற கான்ஸ்டபிளிடம் சாட்சி சொல்ல வருவது ஒரு பேய், அவனும் விசாரிக்கிறான். நான் திருச்சிக்காரி. அந்தக் கதையில் தேம்ஸ் நதி ஒரு நைஜீரியத் தாய், கிளை நதிகள் அவள் பெண்கள் என்று வந்ததும் விமர்சனம் எழுதினவர்கள் எல்லாம் என்ன கற்பனை என்று மெச்சினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபத்தில் காதோலை கருகமணி விட்டு, காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்று சித்திரான்னம் படைத்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன ஆச்சரியம்? ஆனால் அந்தத் தாயிடம் போலீஸ் போய்ச் சமாதானம் பேசுவது, எல்லைத் தகராறைத் தீர்க்க வழி தேடுவது, அதை நான் யோசித்ததே இல்லை. அங்கேதான் விழுந்தேன்.

உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று ஆரம்பிக்கிற கதைகளை இப்போதெல்லாம் இருபது பக்கத்தில் வைத்துவிடுகிறேன். மந்திரவாதிக்கு வாடகை பாக்கி இருக்க வேண்டும். ஜிம் புட்சரின் சிகாகோ மந்திரவாதிக்கு இருக்கிறது, அதனாலேயே அவனைப் பிடிக்கும், பின்னால் வருகிற பாகங்களில் ஆள் ரொம்பப் பெரியவனாகிவிட்டது எனக்கு வருத்தம். அட, இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே சென்னை பிராட்வே முனையில் கடவுளை இறக்கி, காபி குடிக்க வைத்து, கந்தசாமிப் பிள்ளையை விட்டு வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்க வைத்தாரே புதுமைப்பித்தன், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில். அதை ஏன் யாரும் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை?

* * *

கப்பல்காரரே, அந்த ஏழு நிமிஷத்தைப் படித்துவிட்டு நானும் மணியைப் பார்த்தேன்.

என் வீட்டுச் செய்தி ஒன்று. போன வாரம் பரணில் வேறு எதையோ தேடும்போது அந்தப் புத்தகத்தை மனைவி எடுத்துக் கீழே போட்டாள். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஆரம்பித்திருக்கிறாள், பாதி தாண்டிவிட்டது. நேற்று ராத்திரி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் குடிக்கப் போனேன் என்றாள். தண்ணீர்க் குடம் சமையலறையில் இருக்கிறது.