மாற்றாந்தந்தை விலகி நிற்க வேண்டுமா?

கேள்வி: பயிற்சி ஆலோசகர், அட்லாண்டா

குடும்பச் சிகிச்சை படித்துக்கொண்டே ஒரு மையத்தில் பயிற்சி பெறுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன். கறுப்பினக் குடும்பம்: அம்மா, அவருடைய 15 வயது மகன், ஒன்றரை ஆண்டுக்கு முன் அம்மா மணந்தவர். இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் 15 வயதில் கார் ஓட்டப் பழகுநர் உரிமம் கிடைக்கும். பையன் அதை வாங்கியதிலிருந்து வீட்டில் சண்டை.

சென்ற அமர்வில் அந்த மனிதர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பையனை உட்காரச் சொன்னார். "இது கார். போலீஸ் நிறுத்திவிட்டது. கை இரண்டும் ஸ்டீயரிங் மேல். உரிமத்தை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும்." பையன் கைகளைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் என் அப்பா இல்லை" என்றான். அம்மா எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார். இருவருக்குள் இறுக்கம் கூடும்போது மூன்றாமவர் நடுவில் இழுக்கப்படுவார் என்று குடும்பச் சிகிச்சை முன்னோடி முர்ரே போவென் சொன்ன முக்கோணம், என் கண்ணெதிரில்.

நான் படித்ததைச் சொன்னேன்: முதல் சில ஆண்டுகள் கண்டிப்பு பெற்றவரிடமே இருக்கட்டும், நீங்கள் நட்பை மட்டும் வளருங்கள். அவர் கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "அதுவரை போலீஸ் காத்திருக்குமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. முதல் நாளே ஜீனோகிராம், அதாவது யார் யாருக்கு என்ன உறவு என்று காட்டும் குடும்ப வரைபடம், வரைய உட்கார்ந்தேன். வீட்டில் யார் யார் என்று கேட்டதும் அம்மாவின் முகம் இறுகிவிட்டது. பையனை 9 வயதுவரை வளர்த்தது பாட்டி என்பதே நான்காம் வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

பதில் 1: குடும்பச் சிகிச்சையாளர், நியூ ஜெர்சி

ஜீனோகிராமிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. நான்சி பாய்ட்-ஃபிராங்க்ளின் கறுப்பினக் குடும்பச் சிகிச்சை பற்றி 1989இல் எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்: முதலில் நம்பிக்கை, வரைபடம் பிறகு. காரணம் இருக்கிறது. உதவித்தொகை வாங்கும் தாயின் வீட்டுக்கு ஓர் ஆண் வந்துபோனாலே அவரை "மாற்றுத் தந்தை" என்று கணக்கிட்டு அலபாமா அரசு உதவியை நிறுத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல்தான் அந்த விதியைத் தள்ளியது. "வீட்டில் யார் யார்?" என்பது அந்தப் பாட்டியின் தலைமுறைக்கு அதிகாரி கேட்ட கேள்வி. நீங்களும் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சாவி விஷயத்தில் அந்த மனிதர் சொன்னதே சரி. போலீஸ் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து வராமல் எப்படி நடந்துகொள்வது என்பது பல கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம். இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதை அம்மா தீர்மானிக்கட்டும், அது கண்டிப்பு. உயிரோடு திரும்புவது வேறு. ஆனால் இதைச் சொல்லும் உரிமையை அவருக்கு அம்மாவும் பாட்டியும் பையன் எதிரிலேயே கொடுக்க வேண்டும். பாட்டியை அழையுங்கள்.

பதில் 2: ஒரு மாற்றாந்தாய், சிகாகோ

நான் ஆலோசகர் இல்லை. கணவர் கறுப்பினத்தவர்; அவருடைய மகளுக்கு நான் வந்தபோது 6 வயது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவள் அத்தை வருவார். குழந்தை அவர் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்காருவாள். வகிடு வகிடாகப் பிரித்து எண்ணெய் தடவிப் பின்ன இரண்டு மணி நேரமாகும். ஓராண்டு நான் பின்னலில் கோக்கும் மணிகள் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் அத்தை சீப்பை என் கையில் கொடுத்து, "கடைசி வரிசையை இவள் பின்னட்டும்" என்றார். குழந்தை தலையைத் திருப்பவே இல்லை. நானாகச் சீப்பை எடுத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள்.

பதில் 3: பெயர் வேண்டாம்

எல்லாவற்றுக்கும் போலீஸையும் வரலாற்றையும் காரணம் காட்டாதீர்கள். பெற்ற அப்பா எங்கே? கேள்வியில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பையன் யாருடைய இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டீர்களா?

கேட்டவர்:

கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அப்பா இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார், மாதம் ஒருமுறை பேசுகிறார். அவ்வளவுதான் என் குறிப்பில் இருக்கிறது. அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். பாட்டியை அழைக்கலாமா என்றதும், "அவர் முதல் நாளே வந்தார், கீழே காரில் உட்கார்ந்திருந்தார்" என்றார். செவ்வாய்க்கிழமை மேலே வருகிறார். ஜீனோகிராம் தாளைக் கோப்பிலேயே விட்டுவிடப் போகிறேன்.